சட்டத்திற்கு வெளியே நின்றவர்கள்

குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில் என் அறைச் சுவரில் ஒரு நிழற்படம் தொங்கியது. யாரோ கொடுத்த வெளிநாட்டு நாள்காட்டி ஒன்றிலிருந்து அதைக் கத்தரித்தெடுத்து, அட்டையில் ஒட்டி, கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்திருந்தேன். கறுப்பு வெள்ளைப் படம். முன்புறம் முழுவதும் உருண்டும் பிளந்தும் கிடக்கும் பாறைகள். அவற்றுக்கு அப்பால் மேகங்களைத் துளைத்து இறங்கும் ஒளிக்கதிர்களுக்கிடையே ஒரு மாமலை. மனிதன் நடமாடிய சுவடே அதில் இல்லை. அடியில் 'வில்லியம்சன் சிகரம்' என்ற பெயரும், படமெடுத்த ஆன்சல் ஆடம்ஸின் பெயரும் மட்டும் அச்சாகியிருந்தன.

குருப்பட்டம் பெற்றுப் பங்குப் பணிக்கு வந்தபோது அப்படமும் என்னோடு வந்தது. இளையோர் தியானங்களில் அதை நடுவில் வைத்து, விளக்கேற்றி, படைப்பின் மாட்சிமை குறித்துப் பேசியிருக்கிறேன். "மனிதன் கால் வைக்காத இடத்தில் கடவுளின் கைவேலை எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது, பாருங்கள்!" என்று ஒருமுறை சொன்னது இன்றும் நினைவிருக்கிறது. இறையியல் படித்தவன் அவ்வளவு எளிதாகச் சொல்லிவிடக்கூடாத வாக்கியம் அது. அன்று அது எனக்கு உறைக்கவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, நூலகம் ஒன்றில் நிழற்படக் கலை வரலாற்று நூலொன்றைப் புரட்டியபோது அதே படத்தை மீண்டும் கண்டேன். அங்கே அதன் தலைப்பு முழுமையாக இருந்தது: 'வில்லியம்சன் சிகரம், சியரா நெவாடா, மான்சனாரிலிருந்து, கலிபோர்னியா, 1944.' நாள்காட்டிக்காரர்கள் விட்டுவிட்ட சொற்களில் ஒன்று என்னை நிறுத்திவிட்டது. மான்சனார் என்பது என்ன? அதைத் தேடிச் சென்றதன் விளைவே இக்கட்டுரை. இயற்கைக் காட்சியைப் படமெடுக்கும்போது மனிதரைச் சேர்ப்பதா, விலக்குவதா என்னும் கேள்வி கலைஞர்களின் தொழில் நுணுக்கம் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அது அறம் சார்ந்த கேள்வியும்கூட என்பதை அந்த ஒரு சொல் எனக்குக் கற்பித்தது.

*

மனிதரை விலக்கும் வழக்கம் நிழற்படக் கலையோடு கூடப் பிறந்தது எனலாம். 1838-இல் பாரிசு நகரின் சாலை ஒன்றை மேல்மாடிச் சாளரத்திலிருந்து லூயி தாகேர் படமெடுத்தார். வண்டிகளும் மக்களும் நெருக்கியடித்துச் சென்ற சாலை அது. ஆனால், படத்தில் அது வெறிச்சோடிக் கிடக்கிறது. ஒளியைப் பதிவு செய்யப் பல நிமிடங்கள் தேவைப்பட்டமையால், நகர்ந்தவர் எவரும் தகட்டில் பதியவில்லை. அசையாது நின்ற ஒருவர் மட்டும் பதிந்தார். அவர் ஒரு பெட்டியின்மேல் காலை வைத்துத் தம் காலணிக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார். அவர் காலடியில் குனிந்து வேலை செய்த தொழிலாளியும் ஓரளவு தெரிகிறார். நிழற்படத்தில் முதன்முதலில் இடம்பெற்ற மனிதர்கள் இவர்களே என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஒரு பெருநகரின் மக்கள் கூட்டமெல்லாம் மறைந்துபோக, பிறர் பாதங்களருகே குனிந்திருந்த ஓர் ஏழைத் தொழிலாளியின் சாயல் நிலைத்துவிட்டது. பெரிய வியாழனன்று சீடர் வேடத்தில் அமர்ந்திருப்போரின் பாதங்களைக் கழுவும்போதெல்லாம் எனக்கு இந்தப் படம் நினைவுக்கு வரும்.

அங்கே மனிதரை விலக்கியது கருவியின் இயலாமை. அதில் குற்றம் காண இயலாது. சேர்த்தல் என்பது எப்போதும் மதிப்பதாகுமா? அதற்கும் பழைய சான்று ஒன்று உண்டு. 1849 முதல் 1851 வரை எகிப்து நாட்டையும் அதனை அடுத்த நிலங்களையும் சுற்றிப் படமெடுத்த பிரெஞ்சுக்காரர் மாக்சிம் துய் காம், அங்குள்ள பெருங்கோயில்களின்மேல் தம் படகோட்டிகளில் ஒருவரான அஜி இசுமாயீல் என்னும் நூபிய மனிதரை ஏறி நிற்கச் செய்தார். கற்சிலை எவ்வளவு பெரியது என்று பார்ப்போர் உணர ஓர் அளவுகோல் வேண்டும். அதற்கு ஒரு மனித உடல் பயன்பட்டது. அவரை அசையாமல் நிறுத்துவதற்காக, காமிராவின் பித்தளைக் குழாய் ஒரு பீரங்கி என்றும், அசைந்தால் வெடிக்கும் என்றும் சொல்லி அச்சுறுத்தியதைத் துய் காம் தாமே வேடிக்கைபோல் எழுதி வைத்திருக்கிறார்.

அப்படங்களைப் பார்க்கும் ஒருவர், 'இவற்றில் மனிதன் இடம்பெற்றிருக்கிறான், ஆகவே இவை மனித நேயம் மிக்கவை' என்று சொல்ல முடியுமா? அங்கே நிற்பவர் ஒரு முழக்கோல். அவருக்கு முகமில்லை, அவர் அங்கே நிற்பதற்கு அச்சம் தவிர வேறு காரணமும் இல்லை. மனிதன் படத்துக்குள் இருக்கிறானா என்று மட்டும் கேட்பது போதாது. என்னவாக இருக்கிறான், யாருக்காக இருக்கிறான் என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

*

இனி ஆடம்ஸுக்கு வருவோம். 1902-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து 1984-இல் மறைந்த ஆன்சல் ஆடம்ஸ், பதினான்காம் வயதில் ஒரு சிறு பெட்டிக் காமிராவோடு யோசெமிட்டி பள்ளத்தாக்குக்குச் சென்றார். அந்தப் பயணம் அவர் வாழ்வைத் தீர்மானித்துவிட்டது. இளமையில் பியானோ பயின்ற அவர், பிற்காலத்தில் படச்சுருளை இசைக் குறிப்புக்கும், அதிலிருந்து எடுக்கும் அச்சுப்படியை அந்த இசையை வாசிப்பதற்கும் ஒப்பிட்டார். அவருடைய மலைகளில், அருவிகளில், பனிபடர்ந்த மரங்களில் மனிதர் பெரும்பாலும் இல்லை.

இதைக் குறையாகக் கண்டவர்கள் அன்றே இருந்தார்கள். ஐரோப்பா போரை நோக்கிச் சரிந்துகொண்டிருந்த 1930-களில், உலகம் உடைந்து நொறுங்கும் வேளையில் ஆடம்ஸ் போன்றவர்கள் பாறைகளைப் படமெடுத்துக்கொண்டிருக்கிறார்களே என்னும் பொருள்பட ஆன்றி கார்ட்டியே-பிரெசான் குறைப்பட்டதாகச் சொல்வார்கள். மனித முகங்களையும் தெருக்களையும் படமெடுத்து உலகப் புகழ் பெற்ற அக்கலைஞரின் குற்றச்சாட்டு இலேசானதன்று. ஆனால், அது நியாயமானதா?

ஆடம்ஸ் தரப்பில் சொல்வதற்கும் உண்டு. பாறைகளைப் படமெடுத்த அவர் அவற்றைக் காப்பதற்காகவும் உழைத்தார். சியரா மலைத்தொடரைக் காட்டி 1938-இல் அவர் வெளியிட்ட படத்தொகுப்பு அமெரிக்க அரசின் உயர்மட்டம்வரை சென்றது. 1940-இல் கிங்ஸ் கேன்யன் பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்படுவதற்கு அப்படங்களும் துணைசெய்தன. சுரங்கக்காரரும் மரம் வெட்டுவோரும் 'இங்கே என்ன இருக்கிறது?' என்று கேட்டபோது, 'இது இருக்கிறது' என்று காட்ட ஒருவர் தேவைப்பட்டார். மனிதனின் பேராசைக்கு முன் மலைக்காகப் பேச வந்தவர், மனிதனைச் சற்றே விலகி நிற்கச் சொன்னதில் வியப்பில்லை. படைப்பு மனிதனுக்குப் பயன்படுவதால் மட்டும் நல்லதாகிவிடுவதில்லை. மனிதன் படைக்கப்படுவதற்கு முன்பே கடவுள் அதனை நல்லது எனக் கண்டார் என்று தொடக்கநூலின் முதல் அதிகாரம் நமக்குக் கற்பிக்கிறது. ஆளில்லாத மலையின் படம் இந்த உண்மைக்குச் சாட்சி சொல்லக்கூடும். அந்த அளவில் அது ஒரு வழிபாட்டுச் செயலுக்கு நெருங்கியது.

ஆயினும், இதன் மறுபக்கத்தையும் காணல் வேண்டும். யோசெமிட்டி ஆளில்லாத இடமாக இருந்ததில்லை. அவானீச்சி என்னும் பூர்வகுடி மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். 1851-இல் ஆயுதப்படை ஒன்று அப்பள்ளத்தாக்கில் நுழைந்து அவர்களைத் துரத்தியது. மீண்டு வந்தவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் அங்கே வேலை செய்து, சிறு குடியிருப்புகளில் வாழ்ந்தார்கள். பூங்கா நிருவாகம் அவற்றையும் படிப்படியாக ஒழித்து, 1969-இல் கடைசிக் குடியிருப்பின் வீடுகளையும் அழித்துவிட்டது. மக்களை அகற்றிவிட்ட நிலத்தை 'மனிதன் தீண்டாத நிலம்' என்று படத்தில் காட்டும்போது, அகற்றிய செயல் மறைந்துபோகிறது. அகற்றப்பட்டவர் இருமுறை அகற்றப்படுகிறார். முதல்முறை துப்பாக்கியால், இரண்டாம் முறை அழகால். ஆடம்ஸ் இதை எண்ணிச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால், தூய்மையான நிலம் என்று நாம் எதை வியக்கிறோமோ, அந்தத் தூய்மை எப்படி வந்தது என்று கேளாதிருப்பது நமக்குச் சரியாகாது.

*

ஆடம்ஸின் படங்களில் எல்லாரும் அறிந்த ஒன்று, 'நிலவெழுச்சி, எர்னாண்டஸ், நியூ மெக்சிகோ' என்பது. அதை நம் வாசகர்கள் ஒருமுறையேனும் காண வேண்டும். படத்தின் பாதிக்கு மேல் கரிய வானம். அதில் ஒரு சிறு நிலவு. அதன்கீழ் வெள்ளி இழைபோல் மேகம், அதற்கும்கீழ்ப் பனி மூடிய மலைகள். அடியில், மண் சுவர் வீடுகள் கொண்ட ஒரு சிற்றூர். அதன் சிறிய ஆலயம். ஆலயத்தை அடுத்த கல்லறைத் தோட்டத்தில், மறையும் கதிரவனின் கடைசி ஒளி பட்டு வெண்மையாக மின்னும் சிலுவைகள். மனிதர் எவரும் கண்ணில் படவில்லை.

அப்படம் எடுக்கப்பட்ட கதை சுவையானது. ஆடம்ஸ் தம் மகனோடும் நண்பரோடும் நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தார். காட்சியைக் கண்டதும் வண்டியை நிறுத்திப் பெரிய காமிராவை அவசர அவசரமாக நிறுத்தினார். ஒளியளக்கும் கருவி கைக்கு அகப்படவில்லை. நிலவின் ஒளி அளவு அவருக்கு மனப்பாடமாக இருந்ததால், அதைக் கொண்டே கணக்கிட்டு ஒரு படம் எடுத்தார். இரண்டாவது படத்துக்குத் தகட்டைத் திருப்புவதற்குள் சிலுவைகள்மேல் இருந்த ஒளி போய்விட்டது. ஒரே ஒரு வாய்ப்பு; அதுவும் சில நொடிகள். பின்னர் நாற்பது ஆண்டுகளாக அதே தகட்டிலிருந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகளை எடுத்தார். எடுக்க எடுக்க வானத்தை மேலும் மேலும் இருளாக்கினார்.

தம் படங்களின் நாள்களைக் குறித்துவைக்கும் பழக்கம் ஆடம்ஸுக்கு இல்லை. இப்படத்தின் ஆண்டையே அவர் பலவாறாகச் சொல்லி வந்தார். நிலவின் இருப்பை வைத்து வானியலார் கணக்கிட்டார்கள். 1991-இல் திருத்தமாக வெளியான கணக்கின்படி, அப்படம் எடுக்கப்பட்டது 1941, நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம். வானியலாருக்கு அது ஒரு தேதி. நமக்கோ அது அனைத்துப் புனிதர் பெருவிழா. மறுநாள் ஞாயிறு, ஆகவே அன்றைய வழிபாட்டு ஒழுங்கின்படி இறந்தோர் நினைவுநாள் திங்கள்கிழமைக்குத் தள்ளியிருக்கும். எப்படியாயினும், திருச்சபை தன் புனிதரையும் இறந்தோரையும் சேர்த்து நினைக்கும் அந்த நாள்களின் வாசலில், ஸ்பானிய மொழி பேசும் ஒரு கத்தோலிக்கச் சிற்றூரின் கல்லறைச் சிலுவைகள்மேல் ஒளி விழுந்திருக்கிறது. பின்னால் நிற்கும் மலைத்தொடரின் பெயர் சாங்கிரே தே கிறிஸ்தோ. கிறிஸ்துவின் இரத்தம் என்று பொருள். ஆடம்ஸ் இவற்றில் எதையும் திட்டமிடவில்லை. நாளே அவருக்கு நினைவில்லை. நான் இதை அற்புதம் என்று சொல்ல வரவில்லை. படம் சொல்ல வந்ததை நாள்காட்டியும் ஆமோதிக்கிறது என்கிறேன், அவ்வளவே.

ஏனெனில், இப்படத்தில் மனிதர் இல்லை என்று சொல்வது பிழை. ஒவ்வொரு சிலுவையும் ஒரு பெயர். ஒவ்வொரு சுவரும் யாரோ மண் குழைத்து எழுப்பியது. சாளரங்களுக்கு உள்ளே இராவுணவுக்கு அடுப்பு மூட்டியிருப்பார்கள். உருவம் இல்லாவிடினும் உறவு இருக்கிறது. மாபெரும் வானத்தின்கீழ் மனித வாழ்வு எவ்வளவு சிறியது என்று படம் சொல்கிறது. சிறியதாயினும் அதன்மேல்தான் ஒளி விழுகிறது என்றும் சொல்கிறது. விண்மீன்களையும் நிலவையும் நோக்கிய பின் மனிதனைப் பற்றிக் கேள்வி கேட்கும் எட்டாம் திருப்பாடலின் மனநிலைக்கு இதைவிட நெருங்கிய நிழற்படத்தை நான் கண்டதில்லை.

*

மான்சனாருக்கு வருகிறேன். 1941 டிசம்பரில் சப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 பிப்ரவரி 19 அன்று அதிபர் ரூசுவெல்ட் பிறப்பித்த ஆணையின் விளைவாக, அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த சப்பானிய வழிவந்தோர் ஏறக்குறைய 1,20,000 பேர் வீடு, கடை, நிலம் அனைத்தையும் விட்டு முகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் பிறப்பால் அமெரிக்கக் குடிமக்கள். குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. பத்து முகாம்களில் ஒன்று, சியரா நெவாடா மலையடிவாரத்தில், ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் அமைந்த மான்சனார். முள்வேலியும் காவற்கோபுரங்களும் சூழ்ந்த பலகைக் கொட்டகைகளில் ஒரு கட்டத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே இருந்தார்கள். தமிழில் 'சட்டம்' என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு: ஆட்சியாளர் இயற்றுவதும் சட்டம், படத்தைச் சுற்றி மாட்டுவதும் சட்டம். மான்சனார் மக்கள் இரண்டுக்கும் வெளியே நிறுத்தப்பட்டார்கள்.

என் அறையில் தொங்கிய மலை, அந்த முகாமுக்கு மேற்கே உள்ள மலை. ஆடம்ஸ் பாறைவெளியில் காமிராவை நிறுத்தி, 14,000 அடிக்கு மேல் உயர்ந்த அந்தச் சிகரத்தை நோக்கியபோது, அவருடைய முதுகுக்குப் பின்னால் முகாம் இருந்தது. 'மனிதன் கால் வைக்காத இடம்' என்று நான் இளையோருக்குக் காட்டிய இடத்துக்குப் பின்புறத்தில், வெளியே கால் வைக்க அனுமதிக்கப்படாத பல்லாயிரம் பேர் இருந்தார்கள். இதை அறிந்த அன்று என் உள்ளத்தில் எழுந்தது வெட்கம்.

உடனே ஆடம்ஸைப் பழிக்கத் தோன்றும். அது அநீதியாகும். 1943-இல் அவர் மான்சனாருக்குச் சென்றதே அந்த மக்களுக்காகத்தான். முகாம் இயக்குநர் அவர் நண்பர். முள்வேலியையும் காவற்கோபுரத்தையும் படமெடுக்கத் தடையிருந்தது. அத்தடைக்குள் நின்று, விவசாயிகள், தாதியர், மாணவர், தாய்மார் என்று நூற்றுக்கணக்கான படங்களை எடுத்தார். முகங்களை நெருங்கி, கண்ணுக்கு நேராக எடுத்தார். அங்கிருந்த கத்தோலிக்கச் சிற்றாலயத்தையும் எடுத்தார். மேரிநோல் சபையார் அம்மக்களை அங்கும் கைவிடாது பணியாற்றி வந்தார்கள். போர் நடந்துகொண்டிருந்த 1944-லேயே அப்படங்களை நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார். 'சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள்' என்னும் பொருள் தரும் தலைப்பில் நூலாகவும் வெளியிட்டார். பகைவர் என்று நாடே வெறுத்தவர்களை அண்டை வீட்டார் என்று காட்டிய துணிவு அது. வில்லியம்சன் மலையின் படமும் அவர் உள்ளத்தில் அப்பணியின் ஒரு பகுதியே. அம்மலைகளின் பெருமை அம்மக்களுக்கு மனத்திடம் தந்தது என்று அவர் நம்பினார். தினமும் அவர்கள் கண்ட மலையை நாமும் காணட்டும் என்பது அவர் எண்ணமாயிருக்கலாம்.

அவர் நம்பிக்கை முழு உண்மையா என்பதில் எனக்கு ஐயமுண்டு. அதற்குக் காரணம், அவருடைய தோழி டொரோத்தியா லேங்கே 1942 சூலையில் அதே முகாமில் எடுத்த ஒரு படம். அதிலும் மலைகள் உண்டு. ஆனால், அவை தூரத்தில் புழுதிக்கு அப்பால் நிற்கின்றன. நடுவில் வரிசை வரிசையாகக் கொட்டகைகள். கம்பத்தில் அமெரிக்கக் கொடி. புழுதிக் காற்றில் ஓடும் ஓரிரு சிறு உருவங்கள். இங்கே மனிதர்கள் சிறிய உருவங்களே, துய் காமின் படகோட்டியைப்போல. ஆயினும் அவர்கள் அளவுகோல்கள் அல்லர். அவர்கள் ஓடுவதால் நமக்குக் காற்றின் கொடுமை தெரிகிறது. கொட்டகையால் ஆட்சியின் கொடுமை தெரிகிறது. கொடியால் அந்த ஆட்சி யாருடையது என்பதும் தெரிகிறது. மலை அங்கே ஆறுதல் தருகிறதா, வேலிக்கு மேல் இன்னொரு வேலியாக நிற்கிறதா என்று படம் தீர்ப்புச் சொல்லவில்லை. அரசே பணிக்கு அமர்த்தி எடுக்கச் சொன்ன லேங்கேயின் முகாம் படங்களை, போர்க்காலம் முழுவதும் அரசே பூட்டி வைத்திருந்தது. எந்தப் படம் உண்மைக்கு நெருங்கியது என்பதற்கு அந்தப் பூட்டு ஒரு சான்று.

லேங்கே மனிதரை விலக்கியும் படமெடுத்தவர் என்பதைச் சொல்லியாக வேண்டும். 1938-இல் டெக்சசில் அவர் எடுத்த ஒரு படத்தில், உழவு இயந்திரத்தின் சால்கள் வளைந்து வளைந்து சென்று, கைவிடப்பட்ட ஒரு வீட்டின் வாசல்வரை முட்டுகின்றன. குத்தகை உழவர் குடும்பத்தை இயந்திரம் வெளியேற்றிவிட்டது. வீடு மட்டும் நிற்கிறது. அங்கே மனிதர் இல்லை என்பதே படத்தின் பொருள். இல்லாதவரை அது மறைக்கவில்லை; தேட வைக்கிறது.

*

இவ்வளவையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, மனிதரைச் சேர்ப்பது உயர்ந்தது, விலக்குவது தாழ்ந்தது என்றோ, அதற்கு மாறாகவோ ஒரு விதி வகுக்க இயலவில்லை. ஆளிருந்தும் மனிதமற்ற படம் உண்டு. ஆளின்றியும் மனிதம் நிறைந்த படம் உண்டு. நான் காணும் வேறுபாடு வேறு: தனிமைக்கும் வெறுமையாக்கலுக்கும் உள்ள வேறுபாடு. ஆண்டவர் இயேசு மலைக்குத் தனித்துச் சென்றார். அங்கே மக்களை மறக்கவில்லை, விடிந்ததும் அவர்களிடம் இறங்கி வந்தார். இது தனிமை. ஓரிடத்தில் வாழ்ந்தவர்களை அகற்றிவிட்டு, அல்லது அவர்களுக்கு முதுகைக் காட்டிவிட்டு, அதன் அமைதியை மட்டும் அனுபவிப்பது வெறுமையாக்கல். 'நிலவெழுச்சி' தனிமையின் படம். யோசெமிட்டிப் படங்கள் பலவற்றில் வெறுமையாக்கலின் சாயல் இருக்கிறது. வில்லியம்சன் சிகரம் எந்தப் பக்கம்?

என் விடை இது: தலைப்போடு அது தனிமையின் படம், தலைப்பை வெட்டிவிட்டால் வெறுமையாக்கலின் படம். 'மான்சனாரிலிருந்து' என்ற சொல்லை ஆடம்ஸ் விடவில்லை. அந்த ஒரு சொல்லில், முதுகுக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரும் வந்து நிற்கிறார்கள். நாம் அம்மலையை அவர்கள் நின்ற இடத்திலிருந்து காண்கிறோம். அச்சொல் போனால் அவர்களும் போய்விடுகிறார்கள். 1955-இல் எட்வர்டு ஸ்டைக்கன் நியூயார்க்கில் அமைத்த 'மானிடக் குடும்பம்' என்னும் புகழ்பெற்ற கண்காட்சியில், 68 நாடுகளிலிருந்து வந்த 503 படங்களுக்கிடையே இம்மலையும் பெரிதாக்கி வைக்கப்பட்டது. படங்களுக்குத் தனித் தலைப்புகள் தராத கண்காட்சி அது. மனித இனம் முழுவதும் ஒரே குடும்பம் என்று பறைசாற்றிய அரங்கில், குடும்பத்திலிருந்து பிரித்து வைக்கப்பட்டவர்களின் மலை அவர்களின்றி நின்றது. நாள்காட்டிக்காரரை மட்டும் நான் குறைசொல்வது எப்படி?

கலைஞனின் பொறுப்பு சட்டத்தோடு முடியலாம். பார்ப்பவனின் பொறுப்பு அங்கே முடிவதில்லை என்பதே நான் கற்றது. அழகான காட்சியைக் காணும்போது, அதற்குப் பின்புறம் என்ன இருக்கிறது என்று கேட்பது அழகுக்கு எதிரான செயலாகாது. மலையைப் படைத்தவர்தாமே முகாமில் இருந்தவர்களையும் தம் சாயலில் படைத்தார்? ஒன்றை வியந்து மற்றொன்றை அறியாதிருப்பது அரைகுறைப் புகழ்ச்சி.

இறுதியாக ஆடம்ஸின் இன்னொரு படத்தைக் குறிப்பிட வேண்டும். மான்சனார் கல்லறைத் தோட்டத்தில், 1943-இல் ஒரு வெண்ணிறத் தூண் எழுப்பப்பட்டது. ஆன்மாக்களுக்கு ஆறுதலளிக்கும் தூண் என்னும் பொருள்பட அதில் சப்பானிய எழுத்துகள் பொறிக்கப்பட்டன. அதைக் கட்டியவர் ரியோசோ காடோ என்னும் கொத்தர். அவர் கத்தோலிக்கர். பௌத்த இளைஞர் சங்கத்தாரோடும் அக்கம்பக்கக் கொட்டகைகளில் இருந்தவர்களோடும் சேர்ந்து அவர் அதைக் கட்டினார். சிறைப்பட்டிருந்த ஒரு கிறிஸ்தவர், சமய வேறுபாடு பாராது தம் மக்களின் இறந்தோருக்காகக் கல்லும் சாந்தும் சுமந்தார். ஆடம்ஸ் அதையும் படமெடுத்தார்: முன்னால் வெண்தூண், பின்னால் அதே மலைகள். உயிருள்ள ஆள் ஒருவரும் அதில் இல்லை. ஆனால், மலையும் மக்களும் அங்கே ஒன்றாக நிற்கிறார்கள். முகாம் 1945-இல் மூடப்பட்டது. 1988-இல் அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்கு ஆளுக்கு 20,000 டாலர் ஈட்டுத்தொகை வழங்கச் சட்டம் இயற்றியது. கொட்டகைகள் போய்விட்டன. தூண் இன்றும் நிற்கிறது.

என் பழைய படத்தை நான் கழற்றிவிடவில்லை. சட்டத்தைப் பிரித்து, அடியில் விடுபட்டிருந்த சொற்களை என் கையால் எழுதி, மீண்டும் மாட்டியிருக்கிறேன். பக்கத்தில் வெண்தூணின் படத்தையும் வைத்திருக்கிறேன். இளையோர் தியானத்துக்கு வந்தால் இப்போதும் மலையைக் காட்டுகிறேன். அதன் அழகைப் பற்றி முன்பு சொன்ன எதையும் திரும்பப் பெறவில்லை, ஒரு வாக்கியத்தைத் தவிர. அந்த வாக்கியம் இருந்த இடத்தில் இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன்: "இந்தப் படத்தை எடுத்தவர் திரும்பிப் பார்த்திருந்தால் யாரைக் கண்டிருப்பார்?"

அவர்கள் சற்று நேரம் பேசாமல் இருக்கிறார்கள். அதன்பின் மான்சனாரின் கதையைச் சொல்கிறேன்.